மிஸ் மார்ப்பிளும் எங்க ஊர் வயித்துவலியும்

1/ நைட் டூட்டியில கேஸ் இல்லாத நேரம் நான் படிக்கிறது அகதா கிறிஸ்டியோட மிஸ் மார்ப்பிள் கதைகள். சின்ன கிராமம், பின்னல் ஊசியோட ஒரு பாட்டி, ஒரு கொலை. கடைசிப் பக்கத்துல எல்லாத்துக்கும் பதில் கிடைச்சிடும். அந்த நிம்மதிக்காகத்தான் படிக்கிறேன்.

2/ அகதாவுக்கு விஷம் நல்லாத் தெரியும். முதல் உலகப்போர் சமயம் ஆஸ்பத்திரி டிஸ்பென்சரியில வேலை பார்த்தவங்க. 1920ல வந்த முதல் நாவல்லயே ஸ்ட்ரிக்னின், அதாவது நம்ம எட்டிக்கொட்டையில இருக்கிற விஷம்.

3/ ஆனா செத்தவங்களுக்காக இந்தக் கதைகள்ல யாரும் பெருசா அழ மாட்டாங்க. பிணவறை வாசல்ல விடிய விடிய நிக்கிற அப்பா அதுல கிடையாது.

4/ இன்னொண்ணு. அங்க ஊர்வம்புதான் உண்மையை வெளியே கொண்டுவரும். வள்ளியூர்ப் பக்கம் நான் பார்த்தது நேர்மாறு. "வயித்துவலி, வாந்தி சார்"னு ஒரு பொண்ணைத் தூக்கிட்டு வந்தாங்க. நாடி 40. ஈசிஜி பார்த்ததும் அரளியோன்னு சந்தேகம். "என்ன சாப்பிட்டா?"ன்னு கேட்டேன். கூட வந்த அத்தனை பேரும் தரையைப் பார்த்தாங்க.

5/ கல்யாணமாகி 7 வருஷத்துக்குள்ள பொண்ணு சந்தேகமா இறந்தா ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. அந்தப் பயம் வேற.

6/ கடைசியில அவ பாட்டிதான் பக்கத்துல வந்து, "டாக்டரய்யா, அரளிக்கொட்டைதான்"னாங்க. முதலுதவி பண்ணி ஐகிரவுண்டுக்கு அனுப்பினோம். பிழைச்சிட்டா. ஏன் சாப்பிட்டான்னு மட்டும் இன்னிக்கு வரை யாரும் சொல்லல.

7/ மக்களே, யாரைக் கூட்டிட்டு வந்தாலும் என்ன சாப்பிட்டாங்கன்னு முதல்ல சொல்லிடுங்க. போலீஸ் அப்புறம், வைத்தியம்தான் முதல்ல.