ஒரு வீட்டிலிருந்து இருவர்

'நெப்போட்டிசம்' என்ற சொல்லின் வேர் இலத்தீனின் 'நெபோஸ்'. பேரன் என்றும் உடன்பிறந்தாரின் மகன் என்றும் அதற்குப் பொருள். போப்பாண்டவர்கள் தம் உடன்பிறந்தாரின் மகன்களைக் கர்தினால்களாக உயர்த்திய வழக்கத்திலிருந்து, இத்தாலிய மொழி வழியாக இச்சொல் பரவியது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதற்கு எதிராக வகுத்த விதிகள் பெரிதும் வெளியே நிறுத்தியது மனைவியரைத்தான்.

இயற்பியலாளர் மரியா கோப்பர்ட் மேயரின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1930இல் அவருடைய கணவருக்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பணி கிடைத்தது. மரியாவுக்கு முறையான ஆசிரியப் பணி மறுக்கப்பட்டது. 1946இல் சிகாகோ சென்றபோதும் பல்கலைக்கழகம் ஊதியமற்ற பதவியையே தந்தது. அணுக்கருவின் கூடு மாதிரியை அவர் உருவாக்கியது அக்காலத்தில்தான். 1960இல் சான் டியேகோவில் முழுநேரப் பேராசிரியரானார். 1963இல் நோபல் பரிசு பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இத்தகைய விதிகளை எதிர்த்து அறிக்கை வெளியிட்டது 1971இல்.

இந்தியாவில் நிலைமை விந்தையானது. அரசு ஊழியரான கணவனையும் மனைவியையும் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2009இல் அதை மேலும் வலுப்படுத்தியது. இதை உரிமையாகக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது உண்மையே. எனினும் தம்பதியர் சேர்ந்து வாழ்வது பொதுநலனுக்கு உகந்தது என்பதே அரசின் கொள்கை. நம் துறைகளின் தேர்வு அறைகளிலோ எழுதப்படாத வேறொரு கொள்கை நிலவுகிறது.

நானும் என் கணவரும் ஒரே புலத்தில் ஆய்வு செய்பவர்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு பணியிடங்கள் அறிவிக்கப்பட்டபோது இருவரும் விண்ணப்பிக்க எண்ணினோம். அங்குள்ள மூத்த பேராசிரியர் ஒருவர், "ஒரு வீட்டிலிருந்து இருவர் வேண்டாமே அம்மா, யார் வருவதென்று நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று கனிவாகவே சொன்னார். எந்த விதியின்படி என்று கேட்டேன். "விதியென்று எதுவும் இல்லை, வழக்கம்" என்றார். விதியாக இருந்திருந்தால் எதிர்த்து மனு எழுதலாம். வழக்கத்திற்கு எதிராக யாருக்கு எழுதுவது? 'நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்பது நடுநிலையான வாக்கியமாக ஒலிக்கிறது. ஆனால் நான் அறிந்த ஆய்வாளர் இணையர்களில் அம்முடிவு பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் சாய்ந்திருக்கிறது. விண்ணப்பிக்காத பெண் எந்தப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை.

இந்த அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆறு ஆசிரியர்கள் உள்ள துறையில் இருவர் தம்பதியர் என்றால், துறைக் கூட்டத்தில் அவர்கள் ஒரே குரலாகலாம். ஒருவர்மீது புகார் சொல்ல விரும்பும் மாணவி, மற்றவர் துறைத் தலைவராக இருந்தால் எங்கே போவாள்? இது மெய்யான சிக்கல். ஆனால் இச்சிக்கலை உண்டாக்குவது, ஒருவர்மீது மற்றவருக்குக் கிடைக்கும் அதிகாரம். தானே விண்ணப்பதாரராகவும் தேர்வுக் குழு உறுப்பினராகவும் ஒருவர் இருந்த வனத்துறைத் தேர்வை, 1969இல் கிரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. தன் பெயர் ஆராயப்பட்டபோது அவர் விலகியிருந்தும், மற்றவர்களை மதிப்பிடுவதில் பங்கேற்றது போதிய குறையாயிற்று. முடிவெடுக்கும் இருக்கையிலிருந்து விலகச் செய்வதே அதன் படிப்பினை.

இன்னொன்றும் உண்டு. திருமணம் ஆவணத்தில் தெரியும் உறவு. ஆகவே எளிதில் தடுக்கப்படுகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர் விண்ணப்பதாரரின் நெறியாளரா, ஒரே சாதியா, ஒரே ஊரா என்று யார் கேட்கிறார்கள்? துறைகளை உண்மையில் நிரப்பும் உறவுகள் அவைதாம்.

எனவே தேவை எழுதப்பட்ட விதி. துணைவரின் நியமனம், பதவி உயர்வு, விடுப்பு, ஊதியம் ஆகியவற்றில் மற்றவர் முடிவெடுக்கலாகாது. ஒருவர் துறைத் தலைவரானால், மற்றவர் தொடர்பான கோப்புகளும் மாணவர் புகார்களும் நேரே புலத் தலைவரிடம் செல்ல வேண்டும். ஒரே ஆய்வேட்டுக் குழுவில் இருவரும் அமரலாகாது. இதே விலகல் நெறியாளருக்கும் அவருடைய முன்னாள் மாணவருக்கும் பொருந்த வேண்டும். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். உங்கள் நிறுவனத்தில் அப்படியொரு பக்கம் இருந்தால் இங்கே பகிருங்கள். எங்கள் துறைக் கூட்டத்தில் முன்வைக்க எனக்கு அது தேவைப்படுகிறது.