பாகில் நிலைத்த பெயர்

தசராவின் கடைசி நாளில் 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்தபடி யானை மைசூர் அரண்மனையிலிருந்து புறப்பட்டு, சயாஜிராவ் சாலை வழியாக பன்னிமண்டபம் நோக்கி நடக்கிறது. கூட்டமெல்லாம் யானையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே சாலையில், தேவராஜா மார்க்கெட்டை ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு மிட்டாய்க் கடை அன்று யார் கண்ணிலும் படாமல் போகலாம். மற்ற நாட்களில் அப்படியில்லை. வெளியூர்க்காரர்கள் வழி கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். குரு ஸ்வீட் மார்ட் என்ற அந்தக் கடையை நடத்துவது அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வழிவந்தவர்கள்.

அந்தக் குடும்பம் சொல்லும் கதை ஊருக்கே தெரியும். 1902 முதல் 1940 வரை ஆட்சி செய்த நால்வடி கிருஷ்ணராஜ உடையார் நல்ல சாப்பாட்டு ரசிகர். ஒருநாள் ராஜாவின் தட்டில் இனிப்பு வைக்கும் இடம் காலியாக இருந்தது. மாதப்பா அவசரமாகக் கடலை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சேர்த்து ஏதோ கிளறினார். சாப்பாடு முடிவதற்குள் அது இறுகிவிட்டது. ருசித்த ராஜா பெயர் கேட்க, வாயில் வந்ததைச் சொன்னார் மாதப்பா: மைசூர் பாக. கன்னடத்தில் பாக என்றால் சர்க்கரைப் பாகு. ஊர் மக்களும் சாப்பிடட்டும் என்று அரண்மனைக்கு வெளியே கடை வைக்கச் சொன்னாராம் ராஜா.

மூன்றே பொருள்தான். ஆனால் கை தெரிந்தவருக்கே வசப்படும். பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் மாவைத் தூவ வேண்டும். காய்ந்துகொண்டிருக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக ஊற்ற ஊற்ற, மாவு நுரைத்துப் பொங்கும். அந்த நுரைதான் பிறகு துண்டுகளில் பொடித் துளைகளாகத் தெரிகிறது. தட்டில் கொட்டிய பிறகும் உள்ளே அடங்கியிருக்கும் சூட்டில் வெந்துகொண்டே இருப்பதால் நடுப்பாகம் சிவக்கிறது. சற்றுத் தாமதித்தால் கல்லாகிவிடும். தமிழ்நாட்டுத் தீபாவளிகளில் இதை வைத்து எழுந்த கேலிகளுக்குக் கணக்கில்லை. நெய் மிகுந்து வாயில் கரையும் வகையைக் கோவையின் ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் மைசூர்பா என்ற பெயரில் பிரபலமாக்கியது.

1897ல் எரிந்துபோன மர அரண்மனையின் இடத்தில் இப்போதிருக்கும் அரண்மனையை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின் என்று சுற்றுலா வழிகாட்டிகள் மறக்காமல் சொல்கிறார்கள். அரசர்களின் படங்கள் உள்ளே அணிவகுத்திருக்கின்றன. சமைத்தவர், பரிமாறியவர் பெயர்கள் எந்த ஊரிலும் இப்படி நிற்பதில்லை. பள்ளி விடுதியோ, ராணுவ அகாடமியோ, படித்து முடித்து எங்கெங்கோ போனவர்கள் பல வருஷம் கழித்துக் கூடும்போது, பசியறிந்து இன்னொரு கரண்டி போட்ட மனிதரைத்தான் விசாரித்துக்கொள்கிறார்கள். கல்வெட்டில் அவர் பெயர் இருக்காது.

ராணுவச் சாப்பாட்டுக்கும் மைசூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. அரசகுமாரிக்காகக் கட்டிய செலுவாம்பா மாளிகையில் 1950ல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1961ல், முப்படைகளின் உணவுத் தேவைக்கென்றே பாதுகாப்புத் துறையின் உணவு ஆராய்ச்சிக் கூடம் இதே ஊரில் தொடங்கப்பட்டது. மெஸ்ஸும் அடுப்பும் போய்ச் சேர முடியாத பனிச் சிகரத்தில் ஜவான் என்ன சாப்பிடுவார் என்பதுதான் அதன் முன்னிருந்த கேள்வி. மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தி, சுடவைத்தால் போதும் என்கிற புலாவ் எல்லாம் அங்கே உருவாயின. 1984ல் ராகேஷ் சர்மா விண்வெளிக்கு எடுத்துப்போன இந்திய உணவும் அங்கிருந்து போனதுதான். அந்தப் பொட்டலங்களைப் பிரித்தவர்களுக்குச் சமைத்தவர் யாரென்று தெரிய வழியில்லை.

மாதப்பாவுக்கு மட்டும் ஒரு வாய்ப்பு கிடைத்தது. அவர் வைத்த பெயர் பண்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அதற்கும் ஒரு சோதனை வந்தது. பஹல்காம் படுகொலையையும் அதைத் தொடர்ந்த ராணுவ மோதலையும் அடுத்து, 2025 மே மாதம் ஜெய்ப்பூரின் சில மிட்டாய்க் கடைகள் 'மைசூர் பாக்'கை 'மைசூர் ஸ்ரீ' ஆக்கின. 'பாக்' என்ற ஒலி பாகிஸ்தானை நினைவூட்டியதுதான் காரணம். பாகிஸ்தானில் இருப்பது தூய்மை என்று பொருள்படும் பாரசீகச் சொல். மாதப்பாவின் பாக, சமையலைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் வாரிசு. நளபாகம் என்று தமிழர்கள் மெச்சுவதும் அதே சொல்லை வைத்துத்தான். எல்லையில் நிற்பவருக்குச் சோறு கட்டிக் கொடுத்த ஊரின் இனிப்பு, எதிரி நாட்டின் பெயரைச் சுமப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது. அந்தப் பெயரை மாற்ற யாருக்கும் உரிமையில்லை என்று மாதப்பாவின் குடும்பத்தினர் மறுத்தார்கள்.

அவர்கள் மறுத்ததில் நியாயம் இருக்கிறது. சமையல்காரருக்கு அரண்மனையில் சிலை இல்லை. அவர் விட்டுப்போனது ஒரு பண்டமும், அதற்கு அவசரத்தில் வைத்த ஒரு பெயரும்தான். சயாஜிராவ் சாலைக் கடையில் யாராவது வந்து, கால் கிலோ மைசூர் பாக் என்று கேட்கும்போதெல்லாம் மாதப்பா ராஜாவுக்குச் சொன்ன பதில் இன்னொரு முறை ஒலிக்கிறது.