ஒரு டாலருக்கு ஒரு மரம்

வீடு வாங்குவோர் உண்டு; நஞ்சை, புஞ்சை வாங்குவோர் உண்டு. ஆனால் ஒரு ராஜ்யத்து ஜனங்கள் ஒன்றுகூடி ஒரு மலைக் கணவாயையே விலைக்கு வாங்கிய அதிசயத்தை நேயர்கள் கேட்டதுண்டா?

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்ற சிறு ராஜ்யம் இருக்கிறது. அங்கே வெள்ளை மலைத் தொடரின் நடுவே அமைந்திருப்பது பிரான்கோனியா கணவாய். 1923-ம் வருஷம் அங்கிருந்த பெரிய ஹோட்டல் தீக்கிரையாயிற்று. அதன் சொந்தக்காரர்கள் கட்டடத்தை மறுபடி எழுப்ப விரும்பாமல், சுற்றியிருந்த சுமார் 6,000 ஏக்கர் காட்டையும் விற்க முன்வந்தார்கள். காடு மர வியாபாரிகளின் கையில் சிக்கினால் கோடரிக்கு இரையாகிவிடும் என்று ஜனங்கள் அஞ்சினார்கள். விலையோ நாலு லட்சம் டாலர்! சட்டசபை இரண்டு லட்சம் கொடுத்தது. ஒரு தனவந்தர் விட்டுச் சென்ற நிதியிலிருந்து ஒரு லட்சம் கிடைத்தது. மீதி ஒரு லட்சத்தைத் திரட்ட வனப் பாதுகாப்புச் சங்கமும் மாதர் சங்கங்களும் புறப்பட்டன. 'ஒரு டாலர் கொடுங்கள். ஒரு மரத்தைக் காப்பாற்றுங்கள்' என்பதே அவர்களுடைய பிரசாரம். பணம் சேர்ந்தது, 1928-ல் கணவாய் ஜனங்களின் சொத்தாயிற்று. யுத்த காலங்களில் தேச சேவை செய்த ஆண் பெண்களின் ஞாபகார்த்தமாக அதை அர்ப்பணம் செய்து, ராஜ்யப் பூங்கா ஆக்கினார்கள்.

இந்தப் பூங்காவிலிருந்துதான் பிரான்கோனியா முகட்டுக்கு ஏறும் புகழ்பெற்ற வட்டப் பாதை கிளம்புகிறது. மொத்தம் ஒன்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. ஏற்றமெல்லாம் கூட்டினால் ஏறக்குறைய 3,900 அடி. போன வழியே திரும்ப வேண்டியதில்லை. ஒரு வழியாக ஏறி, முகட்டின் மேல் நடந்து, வேறொரு வழியாக இறங்கலாம்.

ஏறும் வழி ஓடையோடு உறவாடிக்கொண்டே போகிறது. ஓடையைப் பல தடவை தாண்ட வேண்டும். அருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரிசனம் தருகின்றன. அவற்றில் பெரியது சுமார் 80 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அழகு இருக்குமிடத்தில் வழுக்கலும் இருக்கிறது. நனைந்த பாறையில் இறங்குவதைவிட ஏறுவதே க்ஷேமமாகையால், அனுபவசாலிகள் இந்த வழியாக ஏறுவதையே விரும்புகிறார்கள். மேலே போகப் போக இலையுதிர் மரங்கள் மறைந்து ஊசியிலை மரங்கள் வருகின்றன. பிறகு அவையும் குறுகிக் குறுகி, காற்றுக்குத் தலைவணங்கி, முழங்கால் உயரத்துக்கு வந்துவிடுகின்றன. மூன்று மைலுக்குச் சற்று அதிகம் நடந்ததும் மரமே இல்லாத முகடு!

முதல் சிகரத்தின் பெயர் லிட்டில் ஹேஸ்டாக், அதாவது சின்ன வைக்கோற்போர். அடுத்தது, அடிமைகளின் விலங்கை ஒடித்த லிங்கனின் பெயர் தாங்கியது. கடைசியில் எல்லாவற்றிலும் உயர்ந்து, சுமார் 5,250 அடி உயரத்தில் நிற்பது லாபாயெத் சிகரம். பத்தொன்பது வயதில் கடல் கடந்து வந்து அமெரிக்காவின் சுதந்திரத்துக்காகப் போர் புரிந்த பிரெஞ்சுப் பிரபுவின் பெயர் அது. அதற்கு முன் அந்தச் சிகரம் வெறும் பெரிய வைக்கோற்போராக இருந்தது! வைக்கோற்போருக்கும் நல்ல காலம் பிறக்கும் போலும்.

ஐயாயிரம் அடிதானே என்று அலட்சியம் செய்ய வேண்டாம். முகட்டின் மேல் 1.7 மைல் தூரத்துக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இடி மின்னல் வந்தால் அங்கே மனிதன்தான் உயரமான பொருள். குளிர்காலத்தில் பனிப்புயலில் சிக்கி உயிரிழந்தவர்களும் உண்டு. மரங்கள் முடியும் இடத்தில் நின்று வானத்தைப் பார்க்க வேண்டும். கருத்திருந்தால் திரும்ப வேண்டும். திரும்புவது கோழைத்தனமன்று, மலை நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

இன்னோர் அபாயமும் உண்டு. அது மனிதனுக்கல்ல, மனிதனால் வருவது. முகட்டின் பாறையிடுக்குகளில் விரற்கடை உயரமே உள்ள செடிகள் வாழ்கின்றன. ஆண்டு முழுவதும் வீசும் காற்றை எதிர்த்து நிற்பவை, ஒரு செருப்பின் மிதியைத் தாங்குவதில்லை. ராபின்ஸ் சிங்க்பாயில் என்ற மஞ்சள் பூச்செடி உலகத்திலேயே இந்த வெள்ளை மலைகளில்தான் வளர்கிறது. நடப்பவர்களின் மிதியால் அழியும் தறுவாய்க்கு வந்து, 1980-ல் அபாயத்திலுள்ள இனங்களின் ஜாபிதாவில் அது சேர்க்கப்பட்டது. பாதையை விலக்கி, நாற்று நட்டுப் பரிபாலித்ததன் பயனாக 2002-ல் ஜாபிதாவிலிருந்து நீங்கிற்று. பிரான்கோனியா முகட்டிலும் பாதையின் இருபுறமும் கற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். அந்தக் கல் வரிசைதான் அங்கே காவற்காரன்.

லாபாயெத் சிகரத்திலிருந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகம் இறங்கினால், 1930-ல் கட்டிய கிரீன்லீப் குடில் இருக்கிறது. அதற்குக் கீழே பழைய குதிரைப் பாதை. அதிலுள்ள செங்குத்தான மேடுகளுக்கு 'வேதனைகள்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முழங்கால்கள் அந்தப் பெயரை ஆமோதிக்கும்.

அங்கிருந்து எதிரே தெரியும் கானன் மலையில்தான் புகழ்பெற்ற 'மலைக் கிழவன்' இருந்தான். சுமார் 40 அடி உயரமுள்ள கல் முகம். இரும்புக் கம்பிகளால் கட்டி ஜனங்கள் அவனைத் தாங்கிப் பார்த்தார்கள். 2003-ம் வருஷம் மே 3-ம் தேதி அவன் சரிந்து மறைந்தான்.

பனிக்கும் காலத்துக்கும் யாரும் தடை போட முடியாது. கோடரிக்கும் காலடிக்கும் போடலாம். முகட்டின் உச்சி மத்திய சர்க்காரின் காடு, அடிவாரம் ராஜ்யத்தின் பூங்கா. எல்லை எங்கே என்று நடக்கும் காலுக்குத் தெரியாது. அன்று ஒரு டாலர் கொடுத்த எளிய மனிதர்கள் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டார்கள். இன்று அங்கே நடப்பவர் செலுத்த வேண்டியது, மண்ணை விட்டுக் கல்லின் மேல் வைக்கும் ஒவ்வோர் அடியுமேயாகும்.