பஸ்ஸை முந்தப் போய்...

புதுச்சேரி டவுனில் வழி தவறுவது கஷ்டம். பிரெஞ்சுக்காரன் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்கள். கார் ஓட்டுகிறவனுக்கு அதுவே தொல்லை. இரண்டாவது கியர் போட்டு நிமிர்வதற்குள் அடுத்த குறுக்குத் தெரு வந்து நிற்கும்.

என்னிடம் அப்போது ஒரு பழைய டீசல் கார் (கம்பெனி பெயர் எதற்கு?). டர்போ உண்டு என்று எழுதியிருந்தது. ஊருக்குள் அதன் சத்தத்தைக்கூட நான் கேட்டதில்லை. 2019-ல் ஒருநாள், சென்னையிலிருந்து திரும்பும்போது, மரக்காணம் அருகே ஒரு பஸ்ஸை முந்தப் போனேன். மிதிக்கிறேன்... வண்டி யோசிக்கிறது! எதிரே லாரி. எப்படியோ பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒதுங்கினேன். பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மனைவி வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"வி.ஜி.டி. டர்போ மாத்திடு. செகண்ட் ஹேண்ட்ல நாற்பத்தஞ்சாயிரம்" என்றார் விஷயம் தெரிந்த நண்பர்.

அது என்ன வி.ஜி.டி.? எஞ்சின் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அது இன்னொரு சக்கரத்தைச் சுற்றி எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும். அதுதான் டர்போ. எஞ்சின் மெதுவாக ஓடினால் புகைக்கு வேகம் இராது, டர்போ தூங்கும். வி.ஜி.டி.யில் புகை வரும் வழியில் நகரும் தகடுகள் உண்டு. புகை குறைவானால் அவை வழியைக் குறுக்கும். தோட்டத்துக் குழாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதே, அதே கதை.

பணத்தோடு நெல்லித்தோப்புப் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் பெரியவர் சிரித்தார்.

"டர்போ மட்டும் மாத்தினா ஆச்சா சார்? அந்தத் தகட்டை எப்போ நகர்த்தணும்னு கம்ப்யூட்டருக்கு யார் சொல்றது? டஸ்டரைப் பாருங்க. 1461 சி.சி., ஒரே எஞ்சின்தான். 85 குதிரைக்குச் சாதா டர்போ, 110-க்கு வி.ஜி.டி. கியர்பாக்ஸே அஞ்சு கியர் இல்ல, ஆறு கியர் வெச்சான்!"

ரெனோ 2012-ல் ஒரகடத்தில் செய்து இறக்கிய வண்டி அது. டீசல் 2020-ல் நின்றுபோனது. அதிலும் ஒரு வேடிக்கை. சாதா டர்போ 1750 சுற்றிலேயே முழு இழுப்பைத் தரும். ஆரம்பத்தில் வந்த 110-க்கு 2250 ஆக வேண்டும். ஊருக்குள் ஓட்ட எது சுகம், நீங்களே சொல்லுங்கள்.

"டவுன்லயே உருட்டினா கரி படிஞ்சு இப்படித்தான் ஆவும்" என்று ஒரு கழற்றிப்போட்ட டர்போவைக் காட்டினார். தகடுகள் அசையவே இல்லை. கம்பெனி கொடுத்த வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று அந்த ஜனவரியில்தான் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருந்தது.

"வண்டியை விட்டுட்டு சாயங்காலம் வாங்க."

ஆட்டோ பிடித்துக் கடற்கரைக்குப் போனேன். காந்தி சிலைக்கு எதிரே போர் நினைவுச் சின்னம். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த நம்மூர்க்காரர்களுக்காக எழுப்பியது. உயரத்தில் காற்று மெலிந்து மூச்சுத் திணறிய விமான எஞ்சின்களுக்கு ராட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் டர்போ பொருத்தியதும் அதே போரில்தான். அதைப் படித்தது முதல் அந்தத் தூண்களைச் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

திரும்பியபோது கார் தயார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் பைப்பில் கிளிப் தளர்ந்து காற்று கசிந்திருக்கிறது!

"பஸ்ஸை முந்தும்போது எந்த கியர்?"

"அஞ்சு..."

"வேகம்?"

"அறுபது இருக்கும்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து கோட்டக்குப்பம் தாண்டி அழைத்துப் போனார். மூன்றாவது கியர், மிதித்தேன். முதல்முறையாக அந்த விசில் கேட்டது. முதுகை யாரோ தள்ளினார்கள்.

கூலி இருநூறு ரூபாய். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். பி.காம். படித்தது நான்தான், ஆனால் மனைவி கணக்கில் புலி.

"மிச்சம் நாற்பத்து நாலாயிரத்து எண்ணூறு எங்கே?"