பெட்டி கட்டுகிற வேலை என்னுடையது

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றால் எங்கள் ஊரில் பலருக்கும் முகம் சுளிக்கும். காசுக்கும் கேடு, உயிருக்கும் கேடு என்பார்கள். அவர்களோடு வாதாட நான் வரவில்லை. பந்தயத்துக்குப் போகும் பெட்டியை அடுக்குபவள் என்ற முறையில், அந்த வேலையைப் பற்றிச் சகோதரிகளோடு சில விடயங்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

என் தம்பி ஒரு கராஜில் மெக்கானிக். அதே கராஜில் உதிரிப்பாகங்களுக்குக் கணக்கு வைப்பவள் நான். 2009 இல் கணவரையும் மூத்த தம்பியையும் இழந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பின்னர் ஊர் திரும்பியபோது எனக்குக் கிடைத்த வேலை இதுதான். எந்தப் பாகம் எந்த வண்டிக்குப் பொருந்தும், எது எத்தனை இருக்கிறது, எது முடியப்போகிறது என்று கொப்பியில் எழுதிவைப்பதுதான் அது. வீட்டில் அரிசிப் பானையையும் மண்ணெண்ணெய்ப் போத்தலையும் கணக்குப் பார்த்துப் பழகிய எந்தப் பெண்ணும் இதை ஒரு மாதத்தில் படித்துவிடலாம். தம்பி வருடத்தில் இரண்டு மூன்று தடவை சனி, ஞாயிறுகளில் 125 சீசீ வண்டியில் மண்பாதைப் பந்தயம் ஓடுவான். பெரிய கம்பனிகளின் ஆதரவு ஒன்றும் அவனுக்கு இல்லை. உழைத்த காசு, கூட்டாளிகள் இருவர், வாடகை வான் ஒன்று, என் பெட்டி. அவ்வளவுதான் அவனுடைய பரிவாரம்.

பெட்டி அடுக்க என்னை யாரும் பந்தயத் திடலில் பழக்கவில்லை. அது ஐயாவிடம் படித்தது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் மழையில் தென்மராட்சி நோக்கி நடந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எனக்கு 17 வயது. சைக்கிளில் உடுப்பு மூட்டையைக் கட்டுவதற்கு முதல் ஐயா ஒரு சிறிய துணிப்பையைக் கட்டினார். அதற்குள் சொலூசன் ரியூப் ஒன்று, பழைய ரியூப் துண்டுகள், அரத்தாள், இரண்டு ஸ்பனர், வால்வுக் குழாய். காற்றுப் பம் சைக்கிள் பாரோடு கட்டப்பட்டிருந்தது. "எது உடைஞ்சால் சில்லு நிக்குமோ, எதை வழியிலை வாங்க ஏலாதோ, அதை முதல் எடுக்கோணும். மிச்சமெல்லாம் பிறகு" என்றார். பெற்றோலும் பற்றரியும் தடைப்பொருட்களாக இருந்த அந்த நாட்களில் கடையை நம்பி யாரும் வெளிக்கிட முடியாது. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது.

ஐயாவின் அந்த இரண்டு கேள்விகளோடு நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறேன். எது பழுதானால் ஆளுக்கு ஆபத்து? இந்த மூன்றையும் கேட்டுத்தான் என் பெட்டியில் மூன்று தட்டுகள்.

மேல்தட்டில் விழுந்தால் உடைபவை இருக்கும். மண்பாதையில் விழாமல் ஓடியவர் இல்லை. விழுந்தால் முதலில் முறிவது பிறேக் லீவரும் கிளட்ச் லீவரும். அவற்றில் இரண்டிரண்டு வைப்பேன். கியர் மிதி, கால் மிதி, கிளட்ச் கேபிள், அக்சிலேற்றர் கேபிள் ஆகியவையும் அங்கேதான். ஒவ்வொன்றும் அதற்குரிய ஆணி, நட்டு, வாஷரோடு தனித்தனிப் பையில் கட்டப்பட்டிருக்கும். லீவர் இருந்தும் ஆணி இல்லாவிட்டால் லீவர் இல்லாத மாதிரித்தான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். லீவரைப் பிடித்திருக்கும் கவ்வியை அளவுக்கு மீறி இறுக்கக்கூடாது. கொஞ்சம் இளக்கமாக விட்டால் விழும்போது லீவர் சுழன்று கொடுக்கும், முறியாது. இறுக்கம் எப்போதும் பலம் அல்ல என்பதை ஒரு சிறு ஆணி எனக்குச் சொல்லித் தந்தது.

நடுத்தட்டில் தேய்பவையும் அடைபடுபவையும். பிறேக் கட்டைகள், செயின் இணைப்புகள், பிளக் இரண்டு, ரியூப்கள், காற்று வடிகட்டி மூன்று. மண்பாதையில் தூசி என்ஜினுக்குள் போனால் பிஸ்டனைத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கழுவிக் காயவைத்து, எண்ணெய் பூசிய வடிகட்டி ஒன்று தயாராக இருக்கவேண்டும். பிறேக் எண்ணெயைச் சிறிய, திறக்காத போத்தலாகவே எடுப்பேன். திறந்த போத்தல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும். ஈரம் ஏறிய எண்ணெய் சூட்டில் கொதித்தால் பிறேக் பிடிக்காது.

இதே தட்டில் தீப்பெட்டியளவு டப்பா ஒன்றும் உண்டு. அதற்குள் காபரேற்றர் ஜெட்டுகள். எங்கள் வன்னி நிலம் கடல்மட்டத்தை அண்டியது. பொக்ஸ் ஹில் பந்தயப் பாதை உள்ள தியத்தலாவையோ 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று ஐதாக இருப்பதால் அதே ஜெட்டில் பெற்றோல் அதிகமாகிப் பிளக் கரிபிடிக்கும், வண்டி இழுக்காது. துளை சிறிய ஜெட்டைப் போட்டால் சரியாகிவிடும். கட்டுக்குருந்தவில் அந்தத் தொல்லை இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானியக் கடற்படை விமான ஓடுபாதை அது, கடற்கரைக்குக் கிட்டவே இருக்கிறது. போகும் இடத்தைக் கேட்டபிறகே பெட்டியைக் கட்டவேண்டும் என்பது இதனால்தான்.

கீழ்த்தட்டில் ஆயுதங்கள். ஸ்பனர்கள், குறடு, சுத்தியல், ரயர் கழற்றும் இரும்பு, காற்று அளவுமானி, கட்டுக்கம்பி, ஒட்டுநாடா. தீயணைப்பான், முதலுதவிப் பை, தண்ணீர், ரோச் லைற் ஆகிய நான்கும் பெட்டிக்குள் போவதில்லை. அவை வானில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். ஆபத்து நேரத்தில் யாரும் பெட்டி திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூடியின் உட்புறத்தில் பட்டியலை ஒட்டியிருக்கிறேன். எடுத்ததை எடுத்தவரே குறிக்கவேண்டும். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது உதிரிப்பாகங்களின் விலை எங்கோ போய்விட்டது. அந்தக் காலத்தில் பழைய கேபிள் ஒன்றைக்கூட நான் எறியவில்லை. துடைத்து, எண்ணெய் பூசி, "பழசு, ஓடும்" என்று எழுதிவைத்தேன்.

இவ்வளவு அடுக்கினாலும் எல்லாவற்றையும் பெட்டியில் வைக்க எங்களால் முடிவதில்லை. ஒரு சனிக்கிழமை ஒத்திகை ஓட்டம் முடிந்த மாலை, வழக்கம்போல ரோச் லைற் பிடித்து வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதென்பது பார்ப்பதுதான். முன்சில்லின் றிம்மில், கம்பி ஏறும் துளையொன்றின் ஓரத்தில், தலைமயிர் அளவு கோடு தெரிந்தது. நகத்தால் தடவினேன். நகம் தடக்கியது. வெடிப்பு. மேலதிக முன்சில்லு வாங்க எங்களிடம் ஒருநாளும் காசு இருந்ததில்லை. அன்று மத்தியானம் எங்களிடம் கிளட்ச் கேபிள் கேட்டு வாங்கிப்போன சிங்களப் பெடியன் ஒருவன், விடயம் கேள்விப்பட்டுத் தன் சில்லை உருட்டிக்கொண்டு ஓடிவந்தான். அச்சின் தடிப்பு வேறு, பொருந்தவில்லை. அவன் மனம் வருந்தி நின்றது இன்றும் கண்ணில் இருக்கிறது.

"ஒரு ஓட்டம்தானே அக்கா, தாங்கும்" என்றான் தம்பி.

"தாங்காது. நீ ஓட ஏலாது" என்றேன்.

"இதுக்காக எத்தனை மாசம் உழைச்சனான் தெரியுமே?"

"தெரியும். வண்டியை வானிலை ஏத்து."

என் நெஞ்சுக்குள் வேறு வார்த்தைகள் இருந்தன. எங்கள் வீட்டில் மிஞ்சிய ஆண்பிள்ளை நீ ஒருவன்தானே என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதைக் காரணமாகச் சொல்லத் தொடங்கினால் அவன் எந்த நாளும் வண்டியில் ஏற முடியாது, வீதியில்கூட இறங்க முடியாது. என் பயத்துக்கு அளவில்லை. றிம்மின் வெடிப்புக்கு அளவு இருக்கிறது, அதை அவன் நகத்தாலும் தடவிப் பார்க்கலாம். ஆகவே றிம்மை மட்டுமே காட்டினேன். தம்புள்ளை தாண்டி வவுனியா வரைக்கும் அவன் ஒரு சொல் பேசவில்லை. திங்கட்கிழமை கராஜில் ரயரைக் கழற்றியபோது வெடிப்பு உட்புறமாக அடுத்த துளை வரை ஓடியிருந்தது. அவன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணி இரண்டு வாங்கிவந்து ஒன்றை என் மேசையில் வைத்தான்.

2024 ஏப்ரல் 21 ஆம் திகதி பொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் பாதையை விட்டு விலகிப் பாய்ந்து, ஒரு சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தி வந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. பெட்டி எல்லா ஆபத்தையும் தடுக்கும் என்று யாருக்கும் நான் சொல்லமாட்டேன். நாங்கள் கண்ட வாழ்க்கைக்குப் பிறகு அப்படிச் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? கண்ணுக்குத் தெரியும் ஆபத்தை விட்டுவைக்காமல் இருப்பது மட்டுமே எங்கள் கையில் இருக்கிறது. அன்றிலிருந்து பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது: நாங்கள் நிற்கும் இடம் வளைவின் வெளிப்பக்கமாக இருக்கக்கூடாது.

சகோதரிகளே, உங்கள் ஊர்க் கராஜ்களிலும் கடைகளிலும் களஞ்சியத்துக்கு ஆள் தேடினால் தயங்காமல் போய்க் கேளுங்கள். ஸ்பனர் பிடிக்கும் கை ஆணின் கையாகவே இருக்கவேண்டும் என்று எந்த நட்டும் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்தால் பாகத்தின் பெயரோடு அது உடைந்தால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதைத் தெரிந்தவளின் சொல்லைத் தட்டிவிட்டுப் போவது எவருக்கும் இலேசல்ல.

இப்போது நானும் கராஜுக்கு அயலிலுள்ள நான்கு பெண்களும் சீட்டுப் பிடிக்கிறோம். என் முறை வரும் மாதத்தில் ஒரு முன்சில்லு வாங்கவேண்டும். பட்டியலில் அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.