அவதி என்னும் சொல்

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினருள் மலையாளச் சொல்லொன்றைத் தமிழ்ப் பொருளில் கொண்டு இடர்ப்படாதவர் எவரும் இரார். 'அவதி' அத்தகையதொரு சொல். மலையாளத்தில் அதற்கு விடுமுறை என்று பொருள், தமிழிலோ துன்பம். இவ்விரு பொருளும் ஒருங்கே நின்றதை நாம் ஒருமுறை கண்டோம்.

ஓணம் நெருங்கிய நாள் அது. நடுவண் அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகிய நாம், தொடர்ந்து வரும் மூன்று விடுமுறை நாட்களை எண்ணி மகிழ்ந்திருந்தோம். நாகர்கோவில் சென்று பெற்றோரைக் கண்டு வரலாம் என்பது நம் கணக்கு. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த சேச்சி நிமிர்ந்து, "எத்ர திவசம் அவதி, சாறே?" என்று வினவினார். மூன்று நாள் என்றோம். அவர் முகம் வாடிற்று. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர் அவர்; அலுவலகம் மூடிய நாளுக்கு அவருக்குக் கூலி கிடையாது. பண்டிகைச் செலவு மிகும் வேளையில் மூன்று நாள் கூலி போயிற்று. நம் அவதி மலையாளம். அவர் அவதி தமிழ்.

அச்செலவைக் கணக்கில் எழுதுவதும் நம் கையே. நம்முடையது 'சம்பளம்' என்னும் தலைப்பில் ஏறும். அவருடையதோ 'அலுவலகச் செலவு' என்னும் தலைப்பில், துடைப்பத்தோடும் மின்கட்டணத்தோடும் ஒன்றாய்ப் போய்ச் சேரும். பல ஆண்டுகள் அவ்வாறு எழுதியும் அதன் பொருள் நமக்கு உறைக்கவில்லை.

நாம் துய்க்கும் ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நிற்க வேலைநிறுத்தம் செய்து, கூலி உயர்வோடு வார ஓய்வையும் பெற்றனர். 1923 மே முதல் நாளன்று சிங்காரவேலர் சென்னையில் நாட்டின் முதல் மே தின விழாவை நடத்தினார். நம் மேசைக்கும் ஒரு வரலாறு உண்டு. தேவைக்கேற்ற குறைந்தபட்ச ஊதியம் கோரி 1968 செப்டம்பர் 19ஆம் நாள் நடுவண் அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். சிறை சென்றவரும் வேலை இழந்தவரும் பலர்.

இந்நகரின் வெள்ளையம்பலத்தில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. பள்ளிக் கதவு தம் குழந்தைகளுக்கு மூடப்பட்டபோது, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், அவர் தலைமையில் உழவுத் தொழிலாளர் வயலில் இறங்க மறுத்தனர். அரிசியினும் எழுத்தைப் பெரிதாக எண்ணிய போராட்டம் அது. உழைப்பவன் கேட்பது கூலி மட்டுமன்று, மதிப்பும் கூட என்பதை அன்றே உணர்த்தியது.

அதே குரலை 2015 செப்டம்பரில் மூணாற்றில் கேட்டோம். நம் தென்மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்களின் வழிவந்த தமிழ்ப் பெண்கள், போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டதும் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி, 'பெம்பிளை ஒருமை' எனத் திரண்டனர். ஒன்பது நாளில் 20 விழுக்காட்டைப் பெற்றனர். நாட்கூலி 232 ரூபாயை 500 ஆக உயர்த்தக் கேட்டனர். பின்னர்க் கிடைத்தது 301. ஆயினும், 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளரின் லயங்கள் புதையுண்டு 70 பேர் மாண்டபோது, நல்ல வேலை என்பதில் பாதுகாப்பான கூரையும் அடங்கும் என்பது விளங்கிற்று.

2025 பிப்ரவரி 10 முதல் நவம்பர் முதல் நாள் வரை, தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளர் இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். மாதம் 7,000 ரூபாயாக இருந்த தொகையை 21,000 ஆக்கவும், ஓய்வுபெறும்போது ஐந்து இலட்சம் தரவும் கேட்டனர். ஐம்பதாம் நாள் தம் கூந்தலை அறுத்தனர். இறுதியில் உயர்ந்தது 1,000 ரூபாய். வீடுதோறும் சென்று தாயையும் சேயையும் காக்கும் இவர்கள் ஏட்டில் 'தன்னார்வலர்', பெறுவது 'மதிப்பூதியம்'. அச்சொல்லில் மதிப்பும் உண்டு, ஊதியமும் உண்டு. அவர்கள் கைக்கு இரண்டும் நிறைய வரவில்லை. இத்தகையோரைத் தொழிலாளராகவே ஏற்க வேண்டுமென இந்தியத் தொழிலாளர் மாநாடு 2013இலேயே பரிந்துரைத்தது.

இத்தனை பேருக்கு வேலை தந்தோம் என்று எண்ணிக்கை காட்டல் எளிது. அவ்வேலையில் ஓய்வும் பாதுகாப்பும் முதுமைக்கு ஒரு பிடிப்பும் அமையச் செய்தலே அரிது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999இல் 'கண்ணியமான பணி' என்று பெயரிட்டது இதனையே.

விடுமுறை நாளுக்கும் சேச்சிக்குக் கூலி வழங்கலாமெனக் கோப்பில் ஒரு குறிப்பு எழுதினோம். ஒப்பந்தத்தில் இடமில்லை என்று அது திரும்பிற்று. கோப்பை மூடிவிட்டு நாகர்கோவில் பேருந்தில் ஏறினோம். அந்த நாணம் இன்னும் நீங்கவில்லை.

அலுவலகத்தில் நம் கை கட்டுண்டது, வீட்டில் அன்று. நம் இல்லங்களில் பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கு எந்த ஒப்பந்தக்காரரும் இல்லை, நாமே முதலாளி. வாரம் ஒரு நாள் கூலியோடு ஓய்வு என்று நம் வீட்டில் தொடங்கியுள்ளோம். முதல் வாரம் அவர் நம்பவில்லை. சம்பளத்தை இருமுறை எண்ணிப் பார்த்தார். சங்கக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இதனைச் செய்யுமாயின், நம் ஊரிலேனும் அவதி என்பது விடுமுறையை மட்டுமே குறிக்கும்.