வரைந்து சொன்ன பிள்ளை

சில மாதங்களுக்கு முன்னர் எமது பெண்கள் குழுக் கூட்டம் முடிந்து வாங்குகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா மட்டும் போகாமல் நின்றார். 2009இல் கணவரை இழந்து தனியே பிள்ளை வளர்ப்பவர். "மிஸ், என்ர மகள் சட்டை போடமாட்டன் எண்டு நிக்கிறாள். தலைமயிரை ஒட்ட வெட்டிப்போட்டாள். ஏன் எண்டு கேட்டால் கதைக்கிறாளில்லை. கொப்பியில படம்தான் கீறுறாள்" என்றார்.

"வயசுக் கோளாறு அம்மா. கலியாணப் பேச்செடுக்க எல்லாம் மாறிவிடும்" என்றேன். சமூகவியல் படித்த நான் சொன்ன பதில் இது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பின்னர் கொழும்பிலிருந்து வந்த தோழி ஒருத்தி ஒரு சித்திரப் புத்தகம் தந்தாள். 'ஜென்டர் குவியர்' என்பது பெயர். மாயா கோபேப் என்பவர் எழுதி வரைந்து 2019இல் வெளியான தன்வரலாறு. சித்திரக்கதை என்றதும் நான் சிறுவர் புத்தகம் என்றே நினைத்தேன். ஒரே இரவில் வாசித்து முடித்தேன்.

மாயா 1989இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தவர். பதினொரு வயதில்தான் சரளமாக வாசிக்கப் பழகினாராம். பின்பு சித்திரக்கதை வரைவதையே பட்டப்பின் படிப்பாகப் படித்தார். பத்து வருடங்களுக்கு மேலாக நூலகங்களில் வேலை செய்தார். பிறந்தபோது பெண் குழந்தை என்று பதியப்பட்டவர். ஆனால் தன்னைப் பெண்ணாக உணரவில்லை. ஆணாக மாறவேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை. இரண்டுமில்லாத ஓரிடத்தில்தான் தனக்கு மூச்சுவிட முடிகிறது என்கிறார். இதைத் தாய் தகப்பனுக்கும் உறவினருக்கும் வாயால் விளங்கப்படுத்த முடியாமற்போகவே வரையத் தொடங்கினார். அந்தப் படங்களுக்கு வர்ணம் தீட்டியவர் அவரின் உடன்பிறப்பு.

ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க 'ஹீ', 'ஷீ' என்ற இரண்டில் ஒன்று வேண்டும். மாயா இரண்டையும் விட்டு 'ஈ' என்றொரு சொல்லைத் தனக்கு எடுத்துக்கொண்டார். எமக்கு இந்தச் சிக்கல் இல்லை, 'அவர்' என்றால் போதும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாங்கள் யாரை 'அவர்' என்கிறோம்? வயதிலும் பதவியிலும் பெரியவர்களைத்தானே! பிள்ளைகளுக்கு 'அவன்', 'அவள்' மட்டும்தான்.

புத்தகத்தில் என்னை நிறுத்திய இடங்கள் எல்லாம் உடம்பு பற்றியவை. முதல் மாதவிடாய் வந்தபோது ஏற்பட்ட திகில். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனைக்குப் போய் வலியும் அவமானமும் தாங்காமல் உடைந்துபோனது. கிளினிக்கில் திரைக்குப் பின்னால் படுத்த பெண்கள் எங்களில் எத்தனை பேர்! பெண்ணென்று தன்னை உணர்பவளுக்கே அது கூச்சம். அப்படி உணராத ஒருவருக்கு எப்படியிருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

இன்னோர் இடமும் உண்டு. மாயாவின் சின்னம்மா முறையான ஒருவர், பெண்களையே விரும்பி வாழ்பவர், ஒரு கேள்வி கேட்கிறார். பெண்களை இழிவாக நினைக்கும் உலகத்தின் எண்ணம் உனக்குள்ளும் ஊறியதால்தான் பெண்ணாயிருக்க மறுக்கிறாயோ என்பது அதன் சாரம். எங்கள் வாசகிகளும் இதையேதான் கேட்பீர்கள். யுத்தத்திலும் முகாமிலும் பெண்ணாயிருந்து பட்டதைப் பார்த்த பிள்ளை பெண்ணாயிருக்க விரும்பாததில் என்ன புதுமை என்று நானும் எண்ணியிருந்தேன். மாயா அந்தக் கேள்வியைக் கோபிக்காமல் பக்கத்தில் வரைந்து வைத்துத் தானும் யோசிக்கிறார். பயத்தால் வந்ததல்ல இது, சிறுவயது முதலே தன்னோடு இருந்தது என்பதே அவரின் கதை.

இந்தப் புத்தகத்தை அகற்றும்படி அமெரிக்காவில் பெருங் கூச்சல் எழுந்தது. 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளும் மிக அதிகமான எதிர்ப்புக்குள்ளான நூல் இதுவே என அமெரிக்க நூலகச் சங்கம் அறிவித்தது. வேர்ஜீனியாவில் இதை ஆபாச நூலாக்கக் கேட்டுத் தொடுத்த வழக்கு 2022இல் தள்ளுபடியானது. பாலுறவைக் காட்டும் சில பக்கங்கள் இருப்பது உண்மைதான். பத்து வயதுப் பிள்ளையிடம் நானும் கொடுக்கமாட்டேன். ஆனால் தாய்மார் வாசிக்கவேண்டும் என்பேன்.

2024இல் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து மாயா இன்னொரு நூல் செய்தார். மார்பை இறுக்கிக் கட்டிக்கொள்பவர்கள் உடம்பைக் கெடுக்காமல் அதை எப்படிச் செய்வது என்பது பற்றியது. அதை அறிந்ததும் எனக்கு அந்த அம்மாவின் ஞாபகம்தான் வந்தது.

அடுத்த கிழமை அவரின் வீட்டுக்குப் போனேன். "அண்டைக்கு நான் சொன்னது பிழை அம்மா" என்றேன். அவர் அடுப்படியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அழுதார். பிள்ளை சீலைத்துணியால் நெஞ்சை வரிந்து கட்டுவதாகவும் இரவில் மூச்செடுக்கக் கஷ்டப்படுவதாகவும் சொன்னார். படுக்கும்போது கட்டை அவிழ்க்கச் சொல்லும்படியும், நெஞ்சு நோவு இருந்தால் வைத்தியரிடம் நானே கூட வருவேன் என்றும் சொன்னேன். 2016ஆம் ஆண்டிலிருந்து எங்கள் நாட்டில் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவைத் திருத்த வழியிருப்பதையும் கூறினேன். அது ஆண் அல்லது பெண் என்ற இரண்டுக்குள் மட்டுமே. இந்தப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்பதை இன்னும் யாரும் கேட்கவில்லையே.

பிள்ளை அறையை விட்டு வெளியே வரவில்லை. நான் புறப்படும் நேரம் கதவை அரைவாசி திறந்து, கொப்பியை மட்டும் அம்மாவிடம் கொடுத்துவிட்டது.

"மிஸ் பாக்கட்டாம்" என்றார் அம்மா.